யூஜின் அண்ணன் வெளுத்த முகங்கள்

"காணாம போன அம்மா என்ன நிறம்?"

காவல் நிலையத்தில் அந்தப் பெண் போலீஸ் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை பெயர், வயது, உயரம், கட்டியிருந்த சேலை என்று எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னவள் நான்தான். காணாமல் போனது ராஜபாய் பெரியம்மா, என் அம்மாவின் அக்கா. விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற முகம். பக்கத்தில் நின்ற அவளுடைய மகள் அபினாதான், "மாநிறம்" என்று சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊரில் கறுப்பு என்று யாருமே கிடையாது. கல்யாணத் தரகரைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் மாநிறம். அதற்கு மேலே இருப்பவர்கள் நல்ல நிறம். கீழே எவரும் இல்லை.

பெரியம்மா எப்படித் தொலைந்தாள் என்பதை விட, ஏன் கிடைக்காமல் இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு யூஜின் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறவிட மாட்டார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். இவ்வளவு நல்ல குணங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு கேடு செய்ய முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குளச்சலில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது 'யூஜின் கலர்ஸ்'. கடப்புறம் என்கிற எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டில், பிள்ளைக்கு முதல் நற்கருணை கொடுக்கிற புதுநன்மையோ கல்யாணமோ சாவோ வந்தால், அந்த வீட்டு முகம் யூஜின் அண்ணனுடைய கணினிக்குள் நுழைந்துதான் சுவருக்கும் பிளெக்சுக்கும் போகும். மீனவ ஊரான இனயத்தில் பிறந்தவர். முதல் தடவை கடலுக்குப் போனபோதே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்ததாக அவரே சொல்வார். அதனால் கருங்கல் ஊருக்குப் போய்க் கணினி படித்தார். பிறகு ஷார்ஜாவில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் சில வருடம். தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் அடிக்க வேண்டும் என்பதைத்தான் அங்கே கற்றுக்கொண்டு வந்தார். அதையே இன்றைக்கும் கலை என்கிறார்.

அவருக்குத் தெரிந்த வண்ண ஞானம் முழுவதையும் நான் இங்கேயே எழுதிவிட முடியும். மாதா திருவிழாவுக்கு நீலம். கோயில் கொடைக்கு மஞ்சளும் சிவப்பும். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பச்சை. கட்சிக்காரர்களுக்கு அவர்கள் கொடியில் உள்ளது. மணமக்களுக்கு ரோஸ். செத்தவர்களுக்கு வான நீலமும் வெள்ளை மேகமும், மூலையில் இரண்டு புறா. முகம் யாருடையதாக இருந்தாலும் அரிசி மாவு. தீர்ந்தது.

இந்த மாவு பூசுகிற வேலைக்கு அவர் வைத்திருக்கிற பெயர் 'கிளீன்'. "மொகத்த கிளீன் பண்ணியாச்சு, பாத்துக்கிடுங்க" என்பார். கீபோர்டில் ஒரு பொத்தானை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். முகம் திரையில் வந்ததும் விரல் தானாகப் போய் அதை அமுக்கிவிடும். பல நேரம் கழுத்தையும் கையையும் மறந்துவிடுவார். அதனால் எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் பிளெக்சில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் தலையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்பது போலிருப்பார்கள். அந்தத் தலைக்குக் கீழே 'ஆழ்கடல் சிங்கம்' என்று எழுதியிருக்கும்.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடை அட்டையில் தன் படத்தைப் போட்டிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவரிடமே, "யூஜின் அண்ணன் இல்லியா?" என்று கேட்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். "நான்தான்" என்று சொல்லி அவர் சிரிப்பார். அந்தக் கேள்வியில் ஏதோ கோளாறு இருக்கிறதே என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளி ஓவியப் போட்டிக்கு அவரை நடுவராகக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'என் குடும்பம்'. என் பக்கத்தில் இருந்த பெபிஷா எல்லோருக்கும் பழுப்பு கிரேயானால் முகம் தீட்டியிருந்தாள். யூஜின் அண்ணன் அவள் தாளைத் தூக்கிப் பார்த்து, "மக்கா, ஒனக்க டப்பாவுல ஸ்கின் கலர் இல்லியா?" என்று பரிதாபமாகக் கேட்டார். அவர் சொன்னது அந்த இளம் ரோஸ் கிரேயானை. பெபிஷா தன் கையைப் பார்த்தாள். அவர் கையையும் பார்த்தாள். அந்த ரோஸ் அங்கே இருந்த யாருடைய தோலிலும் இல்லை, அவருக்குப் பொன்னாடை வாங்கிவைத்திருந்த தலைமையாசிரியர் தோலிலும் இல்லை. பரிசு ரோஸ் தீட்டியவர்களுக்குப் போனது. பிறகு யூஜின் அண்ணன் 'நிறங்களும் வாழ்க்கையும்' என்று அரைமணி நேரம் பேசினார். அதிலிருந்து எனக்கு ஒரு வாக்கியம்கூட நினைவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை.

இந்த மனிதரிடம்தான் பெரியம்மாவைத் தேடுகிற போஸ்டருக்காகப் போனோம்.

பெரியம்மா காலையில் குளச்சல் துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு பேருந்தேறி, கருங்கல் பக்கம் வீடு வீடாக விற்பவள். போன வருடத்திலிருந்து மறதி வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போவாள். என்னை என் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். போகாதே என்று அபினா சண்டை போட்டும் கேட்கவில்லை. ஆனி மாத மழை பிடித்திருந்த ஒரு காலையில் சருவத்தோடு போனவள் திரும்பவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவள் சாப்பிடுகிற மாத்திரை வீட்டில்தான் இருந்தது. எங்கேயாவது மழையில் விழுந்துகிடக்கிறாளோ என்கிற பயத்தில் அபினா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அபினா கொடுத்தது, அவள் அண்ணன் ஜெமியின் கல்யாணத்தில் எடுத்த படம். வீட்டில் மாட்டியிருந்ததை ஆணியிலிருந்து கழற்றி அப்படியே எடுத்து வந்திருந்தாள்.

யூஜின் அண்ணன் பெரிய பெருமூச்சு விட்டார். பாவம், நல்ல மனுஷி, அம்மாவை நல்லா ஆக்கித் தருகிறேன் என்றார்.

அபினாவும் சும்மா இருக்கவில்லை. "பிச்சக்காரி மாதிரி இருக்கப்பிடாது அண்ணா. நாலு பேரு பாக்குற சொவரு."

விரல் பொத்தானுக்குப் போனது. பெரியம்மாவின் முகம் வெளுத்தது. மூக்கின் பக்கத்து மரு காணாமல் போனது. நெற்றிச் சுருக்கம் போனது. அரக்குச் சேலை பின்னணிக்கு எடுக்கவில்லை என்று சொல்லி அதை ஊதா ஆக்கினார். பின்னணியாக வான நீலமும் வெள்ளை மேகமும் வந்தன. அவரிடம் தயாராக இருந்த வடிவம் அது. புறாக்களை மட்டும் தன் கையாலேயே அழித்தார். அந்த அளவுக்கு விவரம் இருந்தது. மேகம் எதற்கு என்று கேட்டேன்.

"பாக்க ஒரு அமைதி இருக்கும் பிள்ளே" என்றார்.

மேலே சிவப்பில் 'காணவில்லை'. கீழே எங்கள் செல்பேசி எண். அதற்கும் கீழே, எங்கள் எண்ணை விடப் பெரிய எழுத்தில், 'யூஜின் கலர்ஸ், குளச்சல்'. காசு வாங்கவில்லை. வாங்கவில்லை என்பதைப் பிறகு குளச்சல் முழுக்கச் சொன்னார்.

குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும், உள்ளே கருங்கல் வரைக்கும் ஒட்டினோம். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒருவர் கடன் வேண்டுமா என்று கேட்டார்.

கருங்கலில் ஒரு டீக்கடையில், எங்கள் போஸ்டருக்கு நேர் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து, "இந்த அம்மைக்கு அடக்கம் முடிஞ்சா?" என்றார்.

சாகவில்லை, காணவில்லை என்றேன்.

"பொறவு என்னத்துக்கு மேகத்துல நிக்கிது?"

கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். நீலத்தைக் கண்டாலே செத்த போஸ்டர் என்று விட்டுவிடுவோம், தெரிந்த ஆள் என்றால்தான் நின்று வாசிப்போம் என்றார். எங்கள் மாவட்டத்தில் சுவரில் பாதி செத்தவர்கள்தான். தேர்வு முடிந்த பிள்ளை புத்தகத்தைத் தாண்டிப் போவது போல ஜனங்கள் அந்த நீலத்தைத் தாண்டிப் போகிறார்கள். அந்த நீலத்துக்குள்தான் யூஜின் அண்ணன் உயிரோடிருக்கிற ஒருத்தியைக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

அதைவிட மோசமானது அடுத்த தெருவில் நடந்தது. பெரியம்மா வழக்கமாக மீன் கொடுக்கிற வீடு ஒன்று அங்கே உண்டு. அந்த வீட்டு அக்கா போஸ்டரை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்து, எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்க மீன்காரி இல்ல மக்கா. எங்க மீன்காரி நல்ல கறுப்பு." பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார், "அவளும்தான் கொஞ்ச நாளா வரல்ல. என்ன கேடோ."

இதுதான் உங்கள் மீன்காரி என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. பல வருடமாக வாரத்தில் மூன்று நாள் அந்த முகத்தோடு விலை பேசிச் சண்டை போட்டவர் அவர். போஸ்டரில் இருந்தவளை அவருக்குத் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

நேராகக் குளச்சலுக்குப் போனேன். அபினாவையும் வரச் சொன்னேன். எனக்கு வந்த கோபத்தில் யூஜின் அண்ணனை என்னவெல்லாமோ கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சரி, வேறு போடுவோம், வெளுக்காத படம் ஒன்று தா என்றார். ஜெமி கல்யாணப் படமும் நீங்கள் போட்டதுதானே, மூலப் படம் உங்கள் கணினியில் இருக்குமே என்றேன். இல்லை. இடம் அடைக்கிறது என்று எல்லோருடைய மூலப் படத்தையும் அழித்துவிடுவாராம். கிளீன் பண்ணியது மட்டும் இருக்கிறது. அதாவது நாங்கள் ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுபோனதே அவர் ஏற்கெனவே வெளுத்த படம். வெளுத்ததைத்தான் மறுபடி வெளுத்திருக்கிறார்.

"ஏட்டி, நீ கெடந்து சாடாத. இத்தற வருசமா கடை நடத்துறேன். ஒருத்தராவது வந்து, எனக்க மொகத்த இருக்குற மாதிரி போடுண்ணு கேட்டிருக்காவளா? வெளுக்கல்லண்ணாத்தான் சண்ட."

அவர் சொன்னது உண்மை. அது அவருக்குச் சமாதானம் ஆகாது, ஆனால் உண்மை. அபினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து தேடினோம். சுவரில் புதுநன்மைப் படம், கிளீன். புது வீடு அர்ச்சிப்புப் படம், கிளீன். அபினாவின் செல்பேசியில் இருந்ததெல்லாம், படம் எடுக்கும்போதே தானாக முகத்தை வெளுத்துவிடுகிற வசதியோடு எடுத்தவை. வாக்காளர் அட்டையில் ஒரு கரி மூட்டை தெரிந்தது, அது பெரியம்மா என்று அட்டையே சொன்னால்தான் உண்டு. அறுபது வருடத்துக்கு மேல் இந்தக் கடற்கரையில் நடமாடிய ஒரு பெண், தன் நிறத்தில் ஒரு படத்தில்கூட இல்லை. அவளுடைய கறுப்பு, அவள் உடம்போடு சேர்ந்து காணாமல் போயிருந்தது.

கடைசியில் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். குளச்சல் துறைமுகத்தில் சுஹைல் என்று ஒருவர், அன்றன்றைய மீன் விலையைச் செல்பேசியில் படம் பிடித்து யூடியூபில் போடுவார். அவருக்கு வேண்டியது மீன்தான், மனுஷர்களை அழகாக்க அவருக்கு நேரமில்லை. பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனபோது ஒன்றின் ஓரத்தில் பெரியம்மா நின்றாள். ஒரு சாளையை வாலில் பிடித்துத் தூக்கி ஏலக்காரரின் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது சாளையா, சாளைக்க பேரப்பிள்ளையா?"

நல்ல வெயில். வியர்வையில் நெற்றி மின்னுகிறது. மரு இருக்கிறது. அரக்குச் சேலை. கறுப்பு. அபினா அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு, "இதப் போடச் சொல்லு. இதுதான் அம்மை" என்றாள்.

யூஜின் அண்ணன் அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததும் எலுமிச்சங்காய் கடித்தவர் மாதிரி ஆனார். விரல் தன்பாட்டில் பொத்தானுக்குப் போனது. நான் கையை நீட்டிக் கீபோர்டை மறைத்துக்கொண்டேன். மேகம் வேண்டாம், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும், சேலை அரக்காகவே இருக்கட்டும் என்றேன். கொஞ்சமாவது வெளிச்சம் கூட்டலாமே என்று கெஞ்சினார். கூடாது என்றாள் அபினா. அடித்துத் தருவதற்கு முன் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாரமில்ல, போட்டுத் தாறேன். அடியில எனக்க கடைப் பேரு மட்டும் வேண்டாம். ஆளுவ பாத்தா எனக்கு வேலை தெரியாதுண்ணு செல்லுவாவ."

பெயரை எடுத்துவிட்டார். அவர் கடையிலிருந்து வெளியே போனதில் உருப்படியான ஒரே வேலை, அவர் பெயர் இல்லாமல் போனது.

மறுநாள் தேங்காய்ப்பட்டணத்தில், முந்திய போஸ்டருக்குப் பக்கத்திலேயே புதியதை ஒட்டினோம். பசை காயவில்லை. பள்ளிவாசல் பக்கமிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். பழையதைப் பார்க்கவே இல்லை. புதியதைப் பார்த்து, "இது எங்க வீட்டுல இருக்குற அம்மால்லா" என்றாள்.

அவள் பெயர் முப்ஷிரா. அவள் வீடு அந்தச் சுவரிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் உம்மா மெஹ்ருன்னிசா, மழை கொட்டிய ஒரு சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் வெறும் சருவத்தோடு நனைந்துகொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார். பெயர் கேட்டதற்கு, என் அம்மாவின் பெயரை, கிளாரா என்று, பெரியம்மா சொல்லியிருக்கிறாள். ஊர் கேட்டதற்கு, "கடப்புறம்." கன்னியாகுமரி முதல் நீரோடி வரை எல்லாமே கடப்புறம்தான். மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஜமாஅத்தில் சொல்லி, அவர்கள் போலீசுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் எங்கள் முதல் போஸ்டரோடு வீட்டுக்கு வந்து, பெரியம்மாவையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அது வேறு ஆள், இது கறுப்பு என்று சொல்லிப் போயிருக்கிறார்.

நாங்கள் போனபோது பெரியம்மா அடுக்களையில் உட்கார்ந்து அயிலை மீன் அரிந்துகொண்டிருந்தாள், இதை எவன் உங்கள் தலையில் கட்டினான் என்று திட்டிக்கொண்டே. அபினா போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மீன் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பெரியம்மா, "சேலையில படும், நீங்கு" என்றாள். மகளைத் தெரிந்துவிட்டது.

மெஹ்ருன்னிசா அத்தை எங்களுக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். கடைக்குப் போகிற வழியில் தினமும் அந்த மேகப் போஸ்டரின் முன்னால் பெரியம்மா நின்றுவிடுவாளாம். யாரு வீட்டு அம்மையோ, எங்க கெடக்காளோ என்று சொல்லி, சிலுவை போட்டு, அந்தப் பெண்ணுக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டுத்தான் நகர்வாளாம்.

கிளம்பும்போது பெரியம்மா அதே சுவரின் முன்னால் நின்றாள். தன் புதிய படத்தை ஒரு தடவை பார்த்தாள், அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்துப் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இந்த வெளுத்த பொம்பளய கிட்டுச்சா மக்கா?"

இல்லை என்றேன்.

இது நடந்தது இந்த வருடம் ஆனியில். மாத்திரையும் தூக்கமும் சரியானதும் பெரியம்மா பழையபடி எங்களை வைகிறாள். மீனுக்குப் போவதில்லை. யூஜின் அண்ணனுக்கும் குறை ஒன்றும் இல்லை. தன் போஸ்டரால்தான் ஆள் கிடைத்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சாட்சிக்கு ஒரு போஸ்டரைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார். போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். மேகத்தில் நிற்கிற ஊதாச் சேலைக்காரி. கீழே அவர் கடைப் பெயர். இந்த அம்மாவா தொலைந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு மணப்பெண்ணின் தாயிடம், "எப்பிடிப் பளிச்சுண்ணு இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் கையில் மகளின் படம் இருந்தது. நல்ல கறுப்பு, நல்ல லட்சணம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் பொத்தானுக்குப் போனது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பிறகு கேட்கிறேன் மக்கா என்று சொல்லி, வெளுத்த படத்தோடு அந்தத் தாய் போய்விட்டார்.

போலீஸ் அக்காவிடம் நான் சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா கறுப்பு. நல்ல கறுப்பு.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அடுத்த மாதம் ஒரு கல்யாணமோ புதுநன்மையோ இருக்கும். பிளெக்சு அடிக்கக் கிளம்புகிறவர்களிடம், அவர்கள் கடைப் படியேறுவதற்கு முன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். படியேறிய பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள், நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.